மூன்று எலும்பும் ஒரு மீசையும்

அத்தியாயம் நான்கு

இந்த அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. மடு மாதா மீது சத்தியம், நல்லூர்க் கந்தன் மீதும் சத்தியம், இரண்டு பேரும் பொறுப்பேற்க மறுத்தால் ஹம் நகரத்து ரயில் நிலைய மணிக்கூட்டின் மீது சத்தியம். ஓர் எழுத்தும் கூட்டவில்லை. குறைத்தது தவராசாவின் தூஷணங்களை மட்டும்தான்.

1985ஆம் ஆண்டு, பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஹம் நகரத்து அகதிகள் விடுதியின் மேல்மாடியில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கிறிஸ்தோப்பர் என்கிற மன்னார்க்காரன் மீசையோடு படுத்தான். தேத்தண்ணி நேரத்துக்கு எழும்பினான். மீசை இல்லை.

சாதாரண மீசையா அது. கிறிஸ்தோப்பர் வேறோர் ஊர் விடுதியிலிருந்து மாற்றலாகி இங்கே வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவன் வாசலில் வந்து நின்றபோது முதலில் மீசை உள்ளே வந்தது, பிறகு பெட்டி வந்தது, கடைசியாகத்தான் ஆள் வந்தான். விடுதிக் காவற்காரரே எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அப்பேர்ப்பட்ட பொருள் பட்டப்பகலில், ஆள் நித்திரையாக இருக்கும்போது, முகத்திலிருந்து களவு போய்விட்டது.

போனால் போகட்டும், மயிர்தானே, வளரும் என்று விடமுடியாது. சனிக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். பெண்ணின் பெயர் அன்ரனிற்றா. தமக்கை பிளோறன்ஸோடு பக்கத்து மாவட்டத்தில், சோஸ்ற் நகரத்து விடுதியில் இருக்கிறாள். கடிதத்திலும் படத்திலும் கலியாணம் பேசி முடிந்த மாதிரித்தான். ஆனால் பிளோறன்ஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். போன வருடம் அவர்களுடைய விடுதியில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று சொல்லிச் சித்தப்பா மகனின் படத்தை ஒருவன் அனுப்பியிருந்தான். அந்தக் கதை தெரிந்த பிளோறன்ஸ், படத்தில் உள்ள ஆள் நேரில் இருந்தால் தேத்தண்ணி குடிப்போம், வேறு ஆள் இருந்தால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவோம் என்று டெலிபோனில் அறுத்து உறுத்திச் சொல்லிவிட்டாள். படத்தில் உள்ள ஆளுக்கு மீசைதான் முக்கால் முகம்.

ஆகவே, கிறிஸ்தோப்பர் மேலுதட்டைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்து, சூசைதாசனின் காலடியில் உட்கார்ந்தான்.

"மீசை எங்க அண்ணை? எங்கயெண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. சனிக்கிழமைக்கு முன்னம் வேணும்."

சூசைதாசன் அந்த விடுதியின் துப்பறிவாளர். கண்டிக் குருமடத்தில் குருவாகப் படித்தவர். அங்கே இரண்டு வருடம் எபிரேயம் ஓதிய பிறகு, வேதாகமத்தில் வருகிற குற்றங்களில் சந்தேகநபர்களை ஏன் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு, குருமடத்தாரின் பரிபூரண ஆசீரோடு வெளியே வந்தவர். போன மாதம் காணாமற்போன பிரஷர் குக்கர் விசிலைக் கண்டுபிடித்தது அவர்தான். அது பருப்புக்குள் இருந்தது. கண்டுபிடித்தது அவருடைய பல்.

தவராசா அவருடைய உதவியாளன். சம்பளம் கிடையாது, ஏனென்றால் அகதிகள் வேலை செய்யத் தடை. துப்பறிவது வேலையா இல்லையா என்று அலுவலகத்தில் கேட்க அவனுக்குத் துணிவில்லை. அந்த நேரம் அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்தோப்பரின் வெறும் உதட்டைப் பார்த்து, "மாவட்ட எல்லை கடக்க அலுவலகத்தில அனுமதி எடுத்துத்தானே மீசை போயிருக்கும்?" என்று கேட்டான். கிறிஸ்தோப்பர் சிரிக்கவில்லை. தவராசாவுக்கு உள்ளுக்குள் வலித்தது. இந்த இரண்டு கிழமையாக அவன் சொன்ன ஒரு பகிடிக்கும் கிறிஸ்தோப்பர் பல்லைக் காட்டியதில்லை. தன் சரக்கு குறைந்துபோய்விட்டதோ என்று இரவில் படுத்து யோசிக்கிற அளவுக்கு வந்திருந்தான்.

சூசைதாசன் கோழிக்காலைக் கடித்து முடித்து, மூன்று எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

"தவராசா, எபிரேயச் சொல்லெண்டால் கோழி மாதிரி. இறைச்சி மாறும், எலும்பு மாறாது."

"இந்த ஹைம் விடுதியில தாற கோழியில இறைச்சியே இல்லை அண்ணை. முழுக்க எபிரேயம்தான்."

அவர் காதில் வாங்கவில்லை. எபிரேயத்தில் அனேகமான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்து வேர், அதுதான் எலும்பு என்றார். 'கத்தவ்' என்றால் எழுதினான். 'மிக்தாவ்' என்றால் கடிதம். 'க்தோவெத்' என்றால் விலாசம். க், த், வ் மூன்றும் அந்த வரிசையில் அசையாமல் நிற்கும். உயிரெழுத்துகள்தான் இடையில் புகுந்தும் வெளியேறியும் வேடம் மாற்றும். தமிழில் சொல் ரயில் மாதிரி, பின்னால் பெட்டி பெட்டியாகக் கொழுவலாம். எபிரேயத்தில் சொல்லின் வயிற்றுக்குள்ளேதான் மாற்றம் நடக்கும். அதோடு, அந்த எலும்பைப் போட்டு அழுத்த அச்சு அச்சாக இருக்கிறது. முறுக்கு உரலுக்கு அச்சு மாற்றினால் அதே மாவு முறுக்காகும், ஓமப்பொடியாகும், இடியப்பமாகும். அதுபோல ஒரு வேரைச் செய்தவனின் அச்சில் போடலாம், இடத்தின் அச்சில் போடலாம், கருவியின் அச்சில் போடலாம்.

"இப்ப பாதாஹ் எண்டால் திறந்தான். பெதாஹ் எண்டால் வாசல். கருவி அச்சில போட்டால் மஃப்தேயாஹ், திறப்பு."

"இதுக்கேன் அண்ணை கண்டிக்குப் போனனீங்கள்? எங்கட ஊரிலயும் திறக்கிறதுக்குத் திறப்புத்தானே."

சூசைதாசன் அந்த உதாரணத்தை விட்டுவிட்டு மீசைக்கு வந்தார். மயிர் விஷயத்துக்கு ஸ், ப், ர் என்ற வேரைப் பார்க்கவேண்டும் என்றார். அந்த மூன்று எலும்பிலிருந்து 'செஃபெர்' வருகிறது, புத்தகம். 'சிப்பூர்' வருகிறது, கதை. 'மிஸ்பார்' வருகிறது, எண். அதே எலும்பில் 'சப்பார்' என்றால் மயிர் வெட்டுகிறவன். கதை எழுதுகிறவனும் மயிர் வெட்டுகிறவனும் ஒரே குடும்பம்.

"சரிதானே, ரெண்டு பேரும் எங்கட தலையிலதான் கைவைக்கிறவை" என்றான் தவராசா.

செய்தவனின் அச்சில் ஒரே ஓர் ஆள்தான் விழுந்தார். குணசேகரம். விடுதியில் எல்லோருக்கும் தலைமயிர் வெட்டுகிறவர், கிறிஸ்தோப்பரின் அறைக்கு எதிர் அறைக்காரர். சூசைதாசன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

குணசேகரத்தின் அறை பூட்டியிருந்தது. தட்டியதும் உள்ளேயிருந்து அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவர் அரிசிச் சாக்குக்குமேல் குந்தியிருந்தார். சூசைதாசன் அவரைக் கேள்வி கேட்கத் தொடங்கவே இல்லை. கிறிஸ்தோப்பரை வெளிச்சத்துக்கு இழுத்து, அவனுடைய காதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குணசேகரம் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார்.

காரணம் எல்லோருக்கும் விளங்கிற்று. குணசேகரம் கத்தரிக்கோல் எடுத்த இடத்தில் காதில் காயம் இல்லாமல் ஒருவனும் எழுந்ததில்லை. விடுதிக்குள் அவரிடம் மயிர் வெட்டியவர்களையும் வெட்டாதவர்களையும் பிளாஸ்ரரை வைத்துத்தான் பிரித்தறிவார்கள். கிறிஸ்தோப்பரின் காதிலும் உதட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

குணசேகரத்துக்கு இந்தத் தீர்ப்பில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் அரிசிச் சாக்கைவிட்டு இறங்கவும் இல்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதவு நீக்கலால் பார்த்தாராம். ஒரு கட்டைப் பெண், மண்ணிறக் கோட்டு, தலையில் துணி, கழுத்துப் போர்வை மூக்குவரை. முகம் தெரியவில்லை. அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்தவள் என்று நினைத்தாராம், மயிர் வெட்டுவதும் வேலைதானே. கிறிஸ்தோப்பரின் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். நிலையில் நின்று, எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டு, வலது காலை உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரத்தால் வெளியே வந்து, அறைகளுக்கு நடுவிலிருந்த ஒழுங்கைக்குப் பொதுவாக, நல்ல ஜெர்மன் மொழியில், "இஹ் கேஹெ உன்ட் கொம்மெ" என்றாள்.

"போயிற்று வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போறாள் சூசை அண்ணை. திரும்பி வந்தால் பிடிபட்டிடுவன். கத்தரிக்கோல் அரிசிக்குள்ள கிடக்கு."

அந்தக் கிழமை முழுக்க விடுதியில் சோறு தின்றவர்கள் கவனமாக மென்றார்கள்.

அடுத்ததாகப் பக்கத்து அறைக்காரன் அலோசியஸைப் பிடித்தார்கள். அவனுடைய சாட்சி வேறு மாதிரி இருந்தது. தேவாலயத்துப் பெண்கள் வாராவாரம் பழைய உடுப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர்களில் ஒருத்திதான் வந்தவள் என்றான். நெட்டைப் பெண், நீலக் கோட்டு. முதுகைப் பார்த்தாலே இரக்கமுள்ளவள் என்று தெரிந்ததாம். சப்பாத்தைக் கழற்றினாள். வாசலில் காலை மாற்றி வைத்தாள், வழுக்கியிருக்கும் போல. வெளியே வந்து போய் வருகிறேன் என்று அவன் நின்ற பக்கமாகச் சொன்னாள். அவன் அந்த நேரத்திலிருந்து கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, தேத்தண்ணி ஊற்றி வைத்துக் காத்திருக்கிறான்.

மூன்றாவது சாட்சி அருட்பிரகாசம். வயதானவர், ஒழுங்கையின் கோடியில் செபமாலையோடு இருக்கிறவர். அவர் பார்த்தது பெண்ணையே அல்ல. மாதாவைப் பார்த்தார். சாம்பல் நிற அங்கி, நிலத்தில் படாத நடை. மாதா பாதரட்சையைக் கழற்றினா, வலது காலை எடுத்து வைத்தா, வெளியே வந்து மறுபடியும் வருவேன் என்று ஜெர்மன் மொழியில் வாக்களித்தா. ஏன் ஜெர்மன் என்று தவராசா கேட்டதற்கு, அவவும் இங்கே அகதியாகப் பதிந்திருப்பா, மொழி வகுப்புக்குப் போகாமல் விடுவார்களா என்றார்.

சமையலறைக்குத் திரும்பியபோது தவராசாவின் தலை சுற்றியது. ஒரு கட்டைப் பெண், ஒரு நெட்டைப் பெண், ஒரு மாதா. மூன்று கோட்டு, மூன்று நிறம். இதை வைத்து யாரைப் பிடிப்பது.

சூசைதாசன் அந்த மூன்று கோழி எலும்பையும் இன்னும் எறியாமல் வைத்திருந்தார்.

"கோட்டும் நிறமும் உயரமும் உயிரெழுத்து. ஆள் ஆளுக்கு மாறும், கழிச்சுவிடு. மாறாமல் நிக்கிறது என்ன?"

தவராசா யோசித்தான். சப்பாத்து. வலது கால். போய் வருகிறேன். மூன்று பேரின் கதையிலும் மூன்றும் அதே வரிசையில் நின்றன.

"அதுதான் வேர். இனி இது ஜெர்மன் வேரோ எண்டு சோதிச்சுப் பாப்பம்."

சோதனை வெள்ளிக்கிழமை நடந்தது. தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேர் உடுப்புப் பொதியோடு வந்தார்கள். தவராசா அவர்களைக் கிறிஸ்தோப்பரின் அறைக்குத் தேத்தண்ணி குடிக்க அழைத்தான். சூசைதாசன் கட்டிலுக்குப் பின்னால் படுத்து, நிலைப்படியில் கண்ணை வைத்துப் பார்த்தார். முதல் பெண் சப்பாத்தோடு உள்ளே போனாள், இடது கால். இரண்டாவது பெண் சப்பாத்தோடு, இடது கால். மூன்றாவது பெண் சப்பாத்தோடு வலது காலை வைத்தாள், ஆனால் சூசைதாசனின் கண்ணைக் கண்டதும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போகும்போது மூன்று பேரும் "ச்சூஸ்" என்றார்கள். போனது போனதுதான். ஒருத்தியும் திரும்பி வருவதைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. சூசைதாசனைப் பார்த்த பிறகு எடுக்கிற எண்ணமும் இருந்திருக்காது.

"வெள்ளைக்காரி போகேக்கை போறாள்" என்றார் சூசைதாசன், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பி. "போறதெண்டு சொல்லக்கூடாது, போட்டு வாறன் எண்டுதான் சொல்லவேணும் எண்டு நினைக்கிறது ஆர்?"

தவராசாவே அதைச் செய்திருக்கிறான். போன மாதம் வதிவிட அலுவலகத்தில் காரியம் முடிந்து எழும்பும்போது, மரியாதையாக இருக்கட்டும் என்று இதே நான்கு ஜெர்மன் சொல்லைச் சொன்னான். அதிகாரி உடனே நாட்குறிப்பைத் திறந்து, எப்போது வருவதாக உத்தேசம் என்று கேட்டு, சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்து ஒரு ரெர்மின் எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அந்த நாளுக்குப் போய், அரை மணித்தியாலம் அவரும் இவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தான். வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அண்ணை, அவள் எங்கட ஆள்."

"ஓம். எங்கட பொம்பிளை. வாழப்போற வீட்டுக்குள்ள வைக்கிற மாதிரி வலது காலை வைச்சிருக்கிறாள். அப்ப அவள் சும்மா வரேல்லை, நல்ல காரியமாய் வந்திருக்கிறாள்."

"நல்ல காரியத்துக்கு வந்தவளேன் மீசையைச் சிரைச்சவள்?"

சூசைதாசன் இன்னொரு கேள்வி கேட்டார். உன் மீசையை யாரும் சிரைத்தால் நீ முதலில் என்ன கேட்பாய் என்றார். எந்த நாய் செய்தது என்று கேட்பேன் என்றான் தவராசா. அதாவது செய்தவனின் அச்சு. கிறிஸ்தோப்பர் வந்து என்ன கேட்டான்? மீசை எங்கே என்று கேட்டான். நேற்றிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அது இடத்தின் அச்சு.

"சிரைச்ச மீசை எங்க கிடந்தால் ஒருத்தனுக்கு என்ன? அதை எடுத்துத் திரும்ப ஒட்டவோ போறான்?"

சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். தவராசா வெங்காயத்தைக் கையில் வைத்தபடியே நின்றான். இரண்டு கிழமையாகச் சிரிக்காத ஒரு முகம் அவனுடைய கண்ணுக்குள் வந்து போனது.

சனிக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பிளோறன்ஸ் முன்னால், மண்ணிறமா நீலமா சாம்பலா என்று சொல்லமுடியாத ஒரு நிறத்தில் கோட்டு. தேவாலயத்துப் பழைய உடுப்புப் பொதியிலிருந்து வந்த கோட்டுகள் எல்லாம் கடைசியில் அந்த நிறத்துக்குத்தான் வந்து சேரும். அவளுக்குப் பின்னால் அன்ரனிற்றா, நிலத்தைப் பார்த்தபடி. இடுப்புக்குக் கீழே ஒற்றைப் பின்னல், படத்தில் இருந்த அதே பின்னல். மாவட்டம் தாண்டி வருவதற்கான அனுமதித் துண்டைப் பிளோறன்ஸ் கையில் விரித்துப் பிடித்திருந்தாள், கோயிலுக்கு மாலை கொண்டுபோகிற மாதிரி.

வழி காட்டவேண்டிய பொறுப்பு தவராசாவுக்கு. இடையில் கொஞ்சம் நில் என்று சூசைதாசன் சொல்லியிருந்தார். ஒழுங்கையின் தொடக்கத்தில் தவராசா சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தான். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில், பெயரும் இலக்கமும் இல்லாத கதவுகள். விடுதியில் இருக்கிறவர்களே மாறிப் போய் மற்றவனின் கட்டிலில் படுத்து எழும்புவார்கள். பிளோறன்ஸ் அவனைக் கடந்து, நேரே நடந்து, இடப்பக்கம் திரும்பி, கிறிஸ்தோப்பரின் கதவுக்கு முன்னால் நின்று, சப்பாத்தைக் கழற்றினாள். வலது காலை உள்ளே வைத்தாள்.

ஒழுங்கையின் கோடியில் அருட்பிரகாசம் முழங்காலில் விழுந்து சிலுவை போட்டார். எதிர் அறையில் அரிசி கொட்டியது. அலோசியஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து, கோட்டைக் கண்டு, ஆளைக் கண்டு, கோப்பையைத் தானே குடித்துவிட்டு உள்ளே போனான்.

அறைக்குள் கிறிஸ்தோப்பர் தடிமன் பிடித்தவன் போல மூக்கிலிருந்து நாடிவரை கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூசைதாசன் நடுவில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, முதல்முதலாய் வந்த இடத்தில கதவு எப்பிடித் தெரிஞ்சது?"

பிளோறன்ஸ் கையிலிருந்த அனுமதித் துண்டைப் பார்த்தாள். அது சனிக்கிழமைக்கு மட்டும்தான். வியாழக்கிழமை வந்ததற்கு அவளிடம் ஒரு துண்டும் இல்லை.

சூசைதாசன் எலும்புகளைச் சொன்னார், ஒவ்வொன்றாக. சப்பாத்து, வலது கால், போட்டு வாறன். எபிரேயத்தில் க், ன், வ் என்று ஒரு வேர் இருக்கிறது, 'கானவ்' என்றால் களவெடுத்தான், 'கன்னாவ்' என்றால் கள்ளன், ஆகவே இந்த அறைக்குள் நடந்தது இன்னதென்று தீர்ப்புச் சொல்ல விரலை உயர்த்தினார்.

பிளோறன்ஸ் கைப்பையைத் திறந்தாள். மடித்த கடதாசித் துண்டொன்றை எடுத்து மேசையில் விரித்தாள். அதற்குள் மீசை இருந்தது, முழுசாக, ஒரு மயிரும் கலையாமல். பின்பக்கத்தில் பசை.

"நான் களவெடுக்கேல்லை அண்ணை. மாப்பிள்ளையைச் சொல்லாமல் ஒருக்கா பாத்துப்போட்டுப் போவமெண்டுதான் வந்தனான். ஆள் மல்லாந்து படுத்துக் குறட்டை. மீசை அரைவாசி கழண்டு, மூச்சை இழுக்க உள்ள போகுது, விட வெளிய வருது. விழுங்கிச் செத்துப்போனால் என்ன செய்யிறது? அதுதான் எடுத்து வைச்சனான்."

சூசைதாசனின் விரல் இன்னும் மேலேயே இருந்தது. அதை மெல்ல இறக்கினார்.

"வேரை மாத்தவேணும்" என்றார். "ஷ், ம், ர். ஷாமர் எண்டால் காத்தான். மிஷ்மார் எண்டால் காவல் வைக்கிற இடம். கைப்பை."

அந்தச் சமயத்தில் எபிரேயம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பிளோறன்ஸ் மீசையைப் பார்க்காமல் கிறிஸ்தோப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றியது வேறு, கலியாணம் வேறு என்று அந்தப் பார்வை சொன்னது. படத்தில் மீசை இருக்கிறது, ஆளில் இல்லை, தங்கச்சிக்குப் பொய் அனுப்பியவனை என்ன செய்வது என்று சொல்லுங்கள் என்றாள்.

கிறிஸ்தோப்பர் கைலேஞ்சியை அவிழ்த்தான். வெறும் உதட்டோடு அவன் ஒரு பத்து வயது குறைந்தவன் போல இருந்தான். படம் எடுத்த நாளில் மீசை உண்மையாகவே இருந்தது என்றான். பயண முகவர் கொடுத்த பாஸ்போட்டில் இருந்த மனிதனுக்கு மீசை இல்லை. கொழும்பில், பிளேன் ஏறுகிற அன்று காலையில், முகவரே நின்று சிரைப்பித்தார். கிழக்கு பெர்லினில் இறங்கினான், மேற்கே வந்தான், அதற்குப் பிறகு அந்த மீசை முளைக்கவே இல்லை. இந்த நாட்டுக் குளிருக்கு அது வெளியே வர மறுத்துவிட்டது. எண்ணெய் பூசினான், உரித்த வெங்காயம் தேய்த்தான். கடைசியில் கார்னிவல் கொண்டாட்டம் முடிந்து கடைக்காரர்கள் பொய்மூக்கையும் பொய்மீசையையும் மலிவாகக் கொட்டி விற்றபோது ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டான். சூடான தேத்தண்ணி குடித்தால் ஆவியில் இளகும், சிரித்தால் ஓரம் கழலும். இரண்டு கிழமையாக ஆறின தேத்தண்ணி, சிரிப்பே இல்லை.

"உங்களை ஏமாத்த இல்லை அக்கா. படத்தில இருக்கிறவன் நான்தான். அவன் என்னட்டத் திரும்பி வரேல்லை, அவ்வளவுதான்."

தவராசாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. குறை அவனுடைய பகிடியில் இல்லை, பசையில். ஆனால் வாயைத் திறக்க அது நேரமில்லை என்று அவனுக்கே தெரிந்தது, அது அவனுடைய வாழ்க்கையில் மிக அரிது.

எல்லோரும் அன்ரனிற்றாவைப் பார்த்தார்கள். அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். கழுத்தடியில் இரண்டு ஊசியைக் கழற்றினாள். பிறகு ஒரு சின்ன இழுப்பு.

பின்னல் முழுதும் கையோடு வந்தது. அவளுடைய சொந்த மயிர் காதுக்குக் கீழே கட்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மயிர் மாதிரி நின்றது. அவள் அந்தச் சவுரியை மேசையில் மீசைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தாள்.

"நான் வந்த பாஸ்போட்டில இருந்த மனிசிக்குக் கட்டைத் தலைமயிர்" என்றாள். "படத்தில இருக்கிறவள் நான்தான்."

பிளோறன்ஸ் தங்கையைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு ஆராய்ச்சி செய்தவளுக்குத் தன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளின் பின்னல் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதை அவள் பொய் என்ற கணக்கில் எடுத்திருக்கவில்லை. கிறிஸ்தோப்பர் அன்ரனிற்றாவைப் பார்த்தான். அவளும் அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் இருந்த இரண்டு பேரும் மேசையில் கிடந்தார்கள், நேரில் இருந்த இரண்டு பேரும் கதிரையில் இருந்தார்கள்.

"ஒரே வேர்" என்றார் சூசைதாசன், மெதுவாக, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. "அச்சுத்தான் வேற."

பிளோறன்ஸ், அப்ப தேத்தண்ணி கொண்டுவாங்கோவன், வந்த ஆக்களுக்கு ஒண்டும் குடுக்கிறதில்லையோ இந்த ஊரில என்று கேட்டாள். குணசேகரம் அரிசிக்குள்ளிருந்து வெளியே வந்தார். மாப்பிள்ளைக்குக் கலியாணத்தன்று தலைமயிர் தன் செலவில் என்று அவர் அறிவித்தபோது, கிறிஸ்தோப்பர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்தது. வைகாசியில் நாள் பார்ப்பது என்று அந்த மேசையிலேயே முடிவாயிற்று.

கிறிஸ்தோப்பருக்கும் அன்ரனிற்றாவுக்கும் கலியாணம் நடந்தது 1979ஆம் ஆண்டு, மன்னார் வங்காலையில். ஜெர்மனிக்கு வந்து இறங்கும்போது அவர்களோடு இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மற்றப்படி மேலே உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை, மணிக்கூட்டின் மீது சத்தியம்.